சோபாவை உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுப் போகாதீர்கள்!

ராமேஸ்வரம் பக்கத்தில், மண்டபம் என்ற கடலோர ஊரில் எங்கள் வீடு. வாடைக்காற்று அடித்தால் பாக் விரிகுடாவின் உப்பு, கச்சான் காற்று அடித்தால் மன்னார் வளைகுடாவின் உப்பு. ஜன்னல் கம்பியைத் தொட்டாலே கை பிசுபிசுக்கும். இந்தக் கரையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். சோபா கழுவ வருகிறவர்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

ஷாம்பூ போட்டுக் கழுவித் தருகிறோம் என்று வந்தவர்கள், நேராகப் போய் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் வாளியைப் பிடித்தார்கள். சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத தண்ணீர் அது. "தம்பி, குடத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். "இதுவே போதும் அக்கா, மிஷின் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும்" என்று பதில் வந்தது. எங்கே உறிஞ்சியது? மேல்துணி காய்ந்தது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் நுரைமெத்தை குடித்தது குடித்ததுதான்.

சாதாரண உப்பே, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு அவ்வளவு ஈரம்கூட வேண்டியதில்லை. அந்த உப்பை நீங்களே மெத்தைக்குள் ஊற்றிவிட்டுப் போனால் அது எப்படி ஐயா காயும்? பகலில் கைப்பிடி ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கிறது; இரவில் அதே இடம் நசநசக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததும் வீடு முழுக்கப் பூஞ்சை நாற்றம்.

சோபாவைக் கவிழ்த்து அடித்துணியைப் பிரித்துப் பார்த்தேன். வயிறு எரிந்தது. ஸ்டேப்ளர் பின்கள் விரல் பட்டதும் பொடியாகின்றன. ஸ்பிரிங்கில் துரு செதில் செதிலாக உரிகிறது. அந்தப் பழுப்பு ஊறி ஊறி மேல்துணி வரை வந்திருக்கிறது. அதற்கு பிளீச்சிங் போடலாம் என்கிறார்கள்! பிளீச்சிங் பட்டால் துருக்கறை இன்னும் அழுத்தமாகப் பதியும். இது தெரியாமல் என்ன தொழில் செய்கிறீர்கள்?

அந்த அடிப்பக்கத்திலேயே ஒரு சீட்டு தைத்திருக்கிறது. அதில் ஆங்கில எழுத்து டபிள்யூ (W) என்று இருந்தால் தண்ணீர் கலந்த சோப்பு போடலாம். எஸ் (S) என்றால் தண்ணீரே ஆகாது, உலர் சலவைக்குப் போடும் கரைப்பான் மட்டும்தான். எக்ஸ் (X) என்றால் தூசி உறிஞ்சுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வந்தவர்களில் ஒருவராவது குனிந்து பார்த்தாரா? இல்லை.

விற்ற கடைக்காரரிடம் கேட்டால், "கடற்கரைப் பக்கம் என்றால் அப்படித்தான், ரெக்சின் வாங்கியிருக்கலாமே" என்கிறார். பாலியூரித்தேன் பூசிய ரெக்சின் இந்த ஈரத்திலும் வெக்கையிலும் சிதைந்து தோல் தோலாக உரிவதை ஊரில் எத்தனை வீட்டில் பார்க்கிறோம்! அப்படித்தான் என்று கைகழுவுவதற்கு இது விதியா? 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் இதே காற்றில் 100 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. விடாமல் பெயிண்ட் அடித்தார்கள், நின்றது.

எங்களுக்கு மாயம் ஒன்றும் வேண்டாம். உறையை ஜிப் வைத்துத் தையுங்கள், கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக்கொள்கிறோம். கழுவ வருகிறவர்கள் முதலில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். பிழிந்த துணியால் துடைத்தால் போதும் என்ற இடத்தில் வாளி வாளியாக ஊற்றாதீர்கள். இந்தக் கரையோரம் விற்கிற சோபாவுக்குத் துருப்பிடிக்காத ஸ்டேப்ளர் பின் அடிக்க எவ்வளவு கூடுதலாகும்? விலையைச் சொல்லுங்கள், தருகிறோம்.