கேட்டவளைத் திருடி என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை மேடையில், அனுமதி வராத கேள்வித்தாளை ஆய்வுக்குப் பயன்படுத்தினாள் என்று ஒரு நர்சிங் மாணவியைத் திருடி என்று சொன்னதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் பேசாமல் இருக்கலாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி, நான் மிகவும் மதிக்கிற ஒரு மருத்துவர், "திருட்டைத் திருட்டு என்று சொல்ல ஏன் தயங்க வேண்டும்" என்று பதிவு போட்டதைப் பார்த்தபின் முடியவில்லை.

அந்த அரங்கில் நானும் இருந்தேன். கூடலூர்ப் பக்கத்துத் தோட்டத்து வீட்டுப் பிள்ளை, எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள். தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்துபோன முதியவர்களின் மறதியைப் பற்றித்தான் அவள் தீசிஸ். எடுத்துக்கொண்ட டூல், அதாவது அவர்களிடம் கேட்கிற கேள்வித்தாள், காப்புரிமை (காப்பிரைட்) உள்ளது, பெயர் இங்கே வேண்டாம். அவள் பேச ஆரம்பித்ததுமே "பர்மிஷன் லெட்டர் எங்கே" என்று கேட்டார்கள். "மெயில் போட்டேன் சார், திரும்பவும் போட்டேன், பதில் வரலை" என்றாள். அதற்கு மைக்கில் திருட்டு என்று வந்த பதில் உங்களுக்கெல்லாம் தெரியும். அவள் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது உங்களில் பலருக்குத் தெரியாது.

அவள் கேட்டிருக்கிறாள், நான் சொல்ல வருவது இவ்வளவுதான். திருடுகிறவர் யாரும் உடைமைக்காரருக்குக் கடிதம் எழுதிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அந்தக் கடிதத்தின் நகலைத் தீசிஸ் பின்னிணைப்பில் வைப்பதில்லை. பதில் வராமல் பயன்படுத்தியது சரி என்று நான் வாதாட வரவில்லை, அதை அவள் கைடு அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், ஆய்வுக்கு ஒப்புதல் தருகிற எதிக்ஸ் கமிட்டி முதல் கூட்டத்திலேயே நிறுத்தியிருக்கலாம். கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, மேடையில் நின்ற பிள்ளை மட்டும் திருடி ஆனது எப்படி?

காப்புரிமை பற்றி இவ்வளவு கறாராகப் பேசுகிறவர்களுக்கு ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்துகிறேன். எம்.எம்.எஸ்.இ. என்கிற மறதிப் பரிசோதனை தெரியாத மருத்துவர் கிடையாது. இன்று என்ன தேதி, என்ன கிழமை, மூன்று பொருள் பெயரை ஞாபகம் வைத்துச் சொல்லுங்கள், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று போய் மொத்தம் 30 மதிப்பெண். மனநல மருத்துவர்களான ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் 1975-இல் ஒரு ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு உலகம் முழுக்க ஜெராக்ஸ் எடுத்து, பாடப்புத்தகத்தில் அச்சடித்து, சட்டைப்பையில் மடித்து வைத்துப் பயன்படுத்தினார்கள், யாரும் தடுக்கவில்லை. 2001-இல் அமெரிக்காவில் ஒரு வெளியீட்டு நிறுவனத்தின் கைக்கு அதன் உரிமை போனது, அப்புறம் தாளுக்கு இவ்வளவு என்று விலை வந்தது. சனிக்கிழமை முன்வரிசையில் இருந்த மூத்தவர்கள் எந்தத் தாளில் பழகினார்கள்? லைசென்ஸ் வாங்கியா பழகினார்கள்? அவர்களை யாரும் மைக் வைத்துக் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம், நோயாளிக்காகத்தான் செய்தார்கள். அதே நியாயத்தை இந்தப் பிள்ளைக்கும் கொடுங்கள்.

என் அம்மாவுக்கு மறதி ஆரம்பித்த வருஷம் அந்தப் பரிசோதனையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா இலங்கையிலிருந்து சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பம், சின்ன வயதிலிருந்தே கோத்தகிரியில் கொழுந்து எடுத்தவர். பென்சிலைக் கையில் கொடுத்து, ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஐங்கோணத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். அம்மா பென்சிலைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது, பள்ளிக்கூடம் போகாத கை. வரைய முடியவில்லை. ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். அதுவும் போனது. கூடை நிறைந்ததும் தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடும் மனுஷி, மகளுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு "எனக்குப் படிப்பு வராது தாயி" என்றார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மறதி எவ்வளவு, படிப்பில்லாமை எவ்வளவு என்று அந்த ஸ்கோரை வைத்து யாரால் சொல்ல முடியும்?

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பென்சிலும் தாளும் இல்லாமல் வாயால் மட்டும் கேட்கிற 16 கேள்விகள் கொண்ட ஒரு பரிசோதனையை ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள், பெயரே 'ஸ்வீட் 16'. இணையத்தில் இலவசமாகவும் வைத்தார்கள். எம்.எம்.எஸ்.இ.யின் உரிமையாளர்கள் தரப்பில் ஆட்சேபம் வந்ததும் அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. என் அம்மா மாதிரி ஆட்களுக்குப் பொருந்தக்கூடிய ஒன்று அப்படிப் போனது. ஹார்வர்டுக்கே அந்த நிலைமை என்றால் கூடலூர்ப் பிள்ளை என்ன செய்வாள்?

"சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே" என்பீர்கள். ஒன்றுதான். நம் 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்திலேயே, 52-ஆம் பிரிவில், ஆய்வுக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதற்கு இடம் இருக்கிறது. முழுக் கேள்வித்தாளும் அதற்குள் வருமா வராதா என்பதை வக்கீல்கள் பேசட்டும். அப்படி ஒரு பிரிவு இருப்பதையாவது மைக் பிடித்தவர் சொல்லியிருக்கலாம்.

"உரிமை இல்லையென்றால் ஆளாளுக்குக் கேள்வியை மாற்றிக் கெடுத்துவிடுவார்கள்" என்று ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். இதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வார்த்தை மாறினாலும் ஸ்கோர் மாறும், அரைகுறை மொழிபெயர்ப்பு நோயாளிக்கே ஆபத்து. ஆனால் அதற்குப் பூட்டுதான் வழி என்று யார் சொன்னது? மனச்சோர்வுக்கான பி.எச்.கியூ.-9 கேள்வித்தாள் ஃபைசர் நிறுவனத்தின் பண உதவியில் உருவானது, அனுமதி கேட்காமலே யாரும் நகல் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம் என்று திறந்து விட்டிருக்கிறார்கள். முதியோர் மனச்சோர்வு அளவுகோலான ஜி.டி.எஸ்.ஸும் பொதுச்சொத்துதான். எதுவும் கெட்டுப்போகவில்லை.

"இலவசமானதை எடுக்க வேண்டியதுதானே" என்கிறவர்களுக்கு: எடுக்கச் சொல்லிக் கொடுத்தீர்களா? "இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்ட் டூல் இல்லாமல் ஜர்னலில் எடுக்க மாட்டார்கள்" என்று சொல்வதும் நீங்கள், அதை எடுத்ததும் திருட்டு என்பதும் நீங்கள். காசு கட்டலாமே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். டாலரில் கட்ட வேண்டும், கிரெடிட் கார்டு வேண்டும், தாள் கணக்கில் வாங்க வேண்டும். தோட்டக் கூலியில் படிக்கிற பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

எனக்கு வலிப்பது வேறு. இந்த மலையில் பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்ட வீடுகளில் தனியாக இருக்கிற கிழவர்கள் எத்தனை பேர். 'வயசானால் மறதி வரத்தானே செய்யும்' என்று விட்டுவிடுகிறோம், அப்புறம் ஒரு நாள் மூடுபனியில் வழி தெரியாமல் போன பிறகுதான் தேடுகிறோம். பணியர், இருளர், குறும்பர் குடியிருப்புகளில் யார் போய் எந்தத் தாளை வைத்து என்ன கேட்டிருக்கிறார்கள்? தோட்டத் தொழிலாளர் இருக்கும் லயத்து வீடுகளின் படியேறிப் போய்க் கேட்ட ஒரே பிள்ளை இவள்தான், எனக்குத் தெரிந்து. அந்த முதியவர்கள் அவளுக்குக் கொடுத்த பதில்களுக்கு யாரும் காப்புரிமை கேட்கவில்லை.

மேடையில் சொன்ன வார்த்தையை மேடையிலேயே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். கைடு மாற்ற வேண்டாம், டூலை மாற்றலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். வேலூர் சி.எம்.சி.யில் தமிழ்நாட்டு முதியவர்களுக்காகவே உருவாக்கிய டிமென்ஷியா (மறதி நோய்) கேள்வித்தாள் இருக்கிறது, படிக்காதவர்களுக்கென்று ஹரியானாவின் பல்லப்கரில் எம்.எம்.எஸ்.இ.யை மாற்றிச் செய்த இந்தி வடிவம் ஒன்றும் இருக்கிறது. வேலூர்த் தாளை நீலகிரியிலோ கொடைக்கானல் பக்கமோ தோட்டத்து ஆட்களிடம் வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். அவள் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) இன்னும் நேரம் இருக்கிறது.