தண்ணீர் பாட்டில் கொடுத்தீர்கள், சரி. பாத்ரூம்?

ஞாயிற்றுக்கிழமை முகாமைப் பற்றி ஒன்றும் எழுதக் கூடாது என்றுதான் இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை நான்காவது ஆள் அந்த வீடியோவை அனுப்பி, "டாக்டர் எவ்வளவு அருமையாகப் பேசுகிறார் பாருங்கள்" என்று கைகூப்பும் பொம்மையும் போட்டதும் பொறுமை போய்விட்டது.

பார்த்திருப்பீர்கள். கடைவீதிப் பெண்களுக்கு இலவச மருத்துவ முகாம். வந்தவர்களில் நிறையப் பேருக்கு நீர்க்கடுப்பு, காலில் நரம்பு சுருட்டல். அதற்கு டாக்டர் சொன்ன காரணம், "தண்ணீர் குடிக்கக்கூடவாம்மா சோம்பேறித்தனம்?" கூட்டத்தில் சிரிப்பு. முன்வரிசை நாற்காலியில் இருந்த முதலாளிகள் கைதட்டுகிறார்கள். கடைசியில் ஆளுக்கொரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில். அந்தப் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று கவனித்தீர்களா? சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். முகாமிலும்.

அவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சோம்பேறித்தனத்தால் இல்லை. குடித்தால் போக வேண்டும். போக இடம் இல்லை.

பிளஸ் டூ முடித்து நான்கு வருஷம் சென்னையில் ஒரு துணிக்கடையின் சேலை செக்‌ஷனில் நின்றவள் நான். "வேலை பார்த்தவள்" என்று எழுதாதது தெரிந்தேதான். காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு பத்துக்கு இறங்குவோம். எங்கள் தளத்தில் இருந்த பாத்ரூம் கஸ்டமருக்கு. எங்களுக்கு மொட்டை மாடியில். லிஃப்ட் கூடாது. போவதற்கு முன் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். "இப்பத்தானே போனே?" என்பார், முப்பது பேர் காதில் விழும்படி. பத்தொன்பது வயசில், அதுவும் அந்த மூன்று நாளில், அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

பக்கத்தில் நின்ற அக்காதான் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். "காலையில அரை டம்ளர், மத்தியானம் சோத்தோட ஒரு டம்ளர். அதுக்கு மேல வேண்டாம் பாப்பா." அக்காவுக்கு அப்போதே இரண்டு காலிலும் நரம்பு பச்சையாகப் புடைத்திருக்கும். ராத்திரி ஹாஸ்டலில் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தூங்குவார். எனக்கு வருஷத்தில் மூன்று தடவையாவது குளிர்க்காய்ச்சலோடு நீர்க்கடுப்பு வரும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாள் போய் நிற்பேன். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். இதில் என் அலட்சியம் எது என்று அந்த டாக்டர் சொல்லட்டும்.

மனிதரின் ஆரோக்கியத்தை எது தீர்மானிக்கிறது என்று பார்க்கவே உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆணையம் போட்டது. அவர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஆராய்ந்து 2008-ல் அறிக்கை கொடுத்தார்கள். பிறக்கிற, வளர்கிற, வாழ்கிற, வேலை பார்க்கிற, மூப்படைகிற சூழல்தான் ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கிறது என்றார்கள். எங்கள் அக்கா அதை நின்றுகொண்டே கண்டுபிடித்திருந்தார்.

"டாக்டர் மருத்துவம்தான் சொல்ல முடியும், கட்டடமா கட்டித்தருவார்?" என்று கேட்பீர்கள். நியாயம். கட்டித்தர வேண்டாம். "நீங்கள் எந்த பாத்ரூமுக்குப் போகிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி, மைக்கில், முதலாளிகள் முன்னால் கேட்டிருக்கலாம். அதுவும் நோய் விசாரிப்பதுதானே?

கோழிக்கோட்டில் அப்படிக் கேட்டவர் டாக்டர் இல்லை. விஜி என்ற தையல்காரப் பெண். மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. தண்ணீரைக் குறைத்துக் குடியுங்கள் என்ற அதே புத்திமதி அங்கேயும். அவர்கள் 'பெண்கூட்டு' என்று சேர்ந்தார்கள். முதலில் கழிப்பறைக்குப் போராட்டம், பிறகு உட்காரும் உரிமைக்கு. திருச்சூரில் ஒரு துணிக்கடைப் பெண்கள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. அதைப் பார்த்து 2021-ல் நம் சட்டமன்றமும் கடைகள் சட்டத்தில் 22ஏ பிரிவைச் சேர்த்தது. ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம். இவ்வளவும் மாத்திரை மருந்தால் வந்ததா? ஒரு தெருப் பெண்கள் வெட்கத்தை விட்டு "எங்களுக்கு மூத்திரம் போக இடம் வேண்டும்" என்று சத்தமாகச் சொன்னதால் வந்தது.

"சட்டம்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன?" கடைக்குப் போய்ப் பாருங்கள்.

"சோறு போடும் முதலாளியைத் திட்டாதே" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள், பேசலாம்.

"பத்துக்குப் பத்து கடையில் பாத்ரூமை எங்கே வைப்பது?" இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், சின்னக் கடையில் முடியாது. ஆனால் தெருவுக்கு ஒன்று முடியுமே. வியாபாரிகள் சங்கம் பாட்டிலுக்கும் பந்தலுக்கும் மாலைக்கும் பணம் பிரித்ததே, அந்தப் பணத்தை மாநகராட்சியோடு சேர்ந்து பெண்களுக்கு ஒரு கழிப்பறையில் போட்டிருந்தால் நானே போய் சால்வை போர்த்தியிருப்பேன். கழிப்பறையில் பேர் போட்டுக்கொள்ள ஆசை வராது போல. பாட்டிலில் சங்கத்தின் பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

முதலாளியை மட்டும் சொல்லி என்ன. நாமும்தான். நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "ஒண்ணும் சரியில்ல" என்று எழுந்து போகிறோம். எழுந்து, ஆமாம். நமக்கு நாற்காலி உண்டு. நான்கு வருஷம் நின்ற நானே போன தீபாவளிக்கு அப்படி எழுந்து வந்தேன். வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய் என்ன சொல்வது? வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் அதே கடைக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் பிரிக்காத சேலைக் கட்டுகள். "இத இறக்கி வச்சிட்டு உட்காரலாமேம்மா, நான் மெதுவாப் பார்க்கிறேன்" என்றேன். அந்தப் பெண் தலையைத் தூக்கிக் கேமராவை ஒரு தரம் பார்த்தாள்.

"பிளவுஸ் பிட்டோட காட்டவாக்கா?" என்றாள்.