நெருஞ்சி வேறு, திஸில் வேறு

ஸ்காட்லாந்தின் தேசியச் சின்னமான திஸில் செடியைக் நான் படித்த ஒரு தமிழ்க் கட்டுரையில் முழுக்க 'நெருஞ்சி' என்றே எழுதியிருக்கிறார்கள். எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பொட்டல்களில் வெறுங்காலோடு நடந்தவர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நெருஞ்சி தரையோடு படர்வது. முள் அதன் காயில்தான். அனிச்சமும் அன்னத்தின் தூவியும்கூடக் காதலியின் அடிக்கு நெருஞ்சிப் பழம் என்று வள்ளுவர் சொன்னது இதைத்தான். திஸிலோ இடுப்புயரம் நிமிர்ந்து நிற்கும், ஊதாப் பூ, இலையெல்லாம் முள்.

தோற்றத்தில் அதற்குச் சற்று நெருங்கி வருவது மஞ்சள் பூப் பூக்கும் பிரமதண்டு. அதுவும் உறவில்லை, கசகசாக் குடும்பம்; மெக்சிகோவிலிருந்து வந்தது. ஆனால் பெயர்களைப் பாருங்கள்! ஒரு பக்கம் பிரம்மாவின் கைத்தடி, இன்னொரு பக்கம் குடியோட்டிப் பூண்டு. தமிழ் விவிலியத்தின் ஆதியாகமத்தில் 'முள்ளும் குருக்கும்' என்று வருகிறதே, அந்தக் குருக்கு என்ற சொல்லும் இதற்கு உண்டு.

பூட்டிக் கிடக்கும் எங்கள் பக்கத்து வீட்டின் பின்கட்டில் இது மண்டியிருக்கிறது. "குடியை ஓட்டிவிட்டுத் தான் குடியேறியிருக்கிறது பார்" என்பார் அப்பத்தா. பாவம், குடிகள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பிறகு சென்னைக்கும் போனதற்குச் செடி என்ன செய்யும்?

ஒன்று மட்டும்: அதன் விதை கடுகு போலவே இருக்கும், நஞ்சு. 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் அதன் எண்ணெய் கலந்து பலர் இறந்தார்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கண்டால் பிடுங்கிவிடுங்கள், கையுறையோடு.