எந்தப் பதிப்பை இறக்கணும் அங்கிள்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் கோயில் மண்டபத்தை ஒட்டிய சின்ன அறையில் எங்கள் கணினி வகுப்பு. பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகக் கேட்டாள்: "எந்தப் பதிப்பை இறக்கணும் அங்கிள்?"

கோயிலில் இருக்கும் பழைய தமிழ் நூல்களைப் பட்டியலிட, மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு திறமூல மென்பொருளை எடுத்திருந்தோம். பெயர் வேண்டாம். அவள் திரையில் மூன்று பக்கங்கள் திறந்திருந்தன. முகப்புப் பக்கம் 2.8 என்றது. நிறுவும் வழிகாட்டி 2.6 என்றது. மூலநிரல் இருக்கும் இடத்தில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது 3.0-ஆர்சி1.

கேள்வி வந்ததே சேதம் நடந்த பிறகுதான். முந்தின வாரம் வீட்டில், மேலே இருப்பதுதான் புதுசு என்று நம்பி, 3.0-ஐ இறக்கிவிட்டாள், அதுவும் பாட்டியின் போன் டேட்டாவில். இந்த நாட்டில் டேட்டா விலை அதிகம் என்று வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையமே 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. ப்ரீபெய்டு போட்டுப் பிழைக்கும் வீட்டில் அந்த இறக்கம் ஒரு செலவு. செலவோடு போகவில்லை. புதிய பதிப்பு எங்கள் நூல்பட்டியலைத் திறந்ததும் தரவுத்தளத்தைத் தன் வடிவத்துக்கு மாற்றிவிட்டது. திரும்ப 2.8-இல் திறந்தால் திறக்கவில்லை. பென் டிரைவில் பழைய நகல் இருந்தது. அதற்குப் பிறகு அவள் தட்டச்சிட்ட 62 நூல்கள் போயே போய்விட்டன.

"சாரி அங்கிள், என் தப்புதான்" என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆர்சி என்றால் இறுதி வெளியீட்டுக்கு முன் சோதிப்பதற்காக விடுவது என்று அந்தத் தளத்தில் ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. பழகியவர்களுக்கு அந்த இரண்டு எழுத்தே போதும். புதிதாக வரும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

புதியவர் கேட்பது மிகக் கொஞ்சம். இப்போது எது நிலையான பதிப்பு, எந்தத் தேதியில் வந்தது, எதுவரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும், பழையதிலிருந்து ஏறினால் எது உடையும், ஏறியபின் இறங்க முடியுமா. இது ஒரே பக்கத்தில், முகப்பிலிருந்து ஒரு சொடுக்கில் இருக்க வேண்டும். என் வாதம் அவ்வளவுதான்.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் தளத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே எது நிலையானது, எது நீண்டகாலப் பதிப்பு என்று தேதியோடு அட்டவணை. பைத்தான் நிரல்மொழிக்கு ஒவ்வொரு பதிப்பும் எந்த ஆண்டு ஓய்வு பெறும் என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஆண்டுக்கொரு பதிப்பு அக்டோபரில் வரும், ஐந்து ஆண்டு ஆயுள். நம் நாட்டுக்காரர் மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய உபுண்டு இயங்குதளத்தில் எண்ணே தேதிதான். முதல் வெளியீடு 4.10, அதாவது 2004 அக்டோபர். 24.04 என்றால் 2024 ஏப்ரல். ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளையும் படித்துவிடும்.

க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் வெகுகாலமாக ஒரு நல்ல வழக்கம் உண்டு. மாற்றங்களை இரண்டு கோப்புகளில் எழுதுவார்கள். சேஞ்ச்லாக் நிரலாளருக்கு, நியூஸ் பயன்படுத்துகிறவருக்கு. இன்று பல திட்டங்கள், நிரலாளர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதும் கமிட் செய்திகளை அப்படியே கொட்டிவிட்டு அதற்கு வெளியீட்டுக் குறிப்பு என்று பெயர் வைக்கின்றன. "இந்தப் பதிப்பு உங்கள் தரவுத்தளத்தை மாற்றும், முதலில் நகல் எடுங்கள்" என்ற ஒற்றை வரி இருநூறு கமிட்டுகளுக்கு அடியில் புதைந்துபோகிறது.

சொற்களிலும் கவனம் வேண்டும். ரீட் த டாக்ஸ் போன்ற ஆவணத் தளங்களில் 'லேட்டஸ்ட்' என்பது பொதுவாக இன்னும் வெளிவராத வளர்ச்சிக் கிளையின் ஆவணம். வெளிவந்ததற்கு 'ஸ்டேபிள்' என்று பெயர். புதியவர் லேட்டஸ்டைத்தான் தொடுவார், தன் கணினியில் இல்லாத கட்டளையைத் தேடி அலைவார்.

இதை எழுதும்போது டர்பனில் என் பக்கத்து வீட்டு அம்மாதான் நினைவுக்கு வருகிறார். தன் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. 1860 நவம்பர் 16-இல் மதராசிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாக இறங்கியவர்களுக்கு எண், பெயர், ஊர், கப்பல் என்று பதிவேடு இருக்கிறது. தோட்ட முதலாளிகளின் வசதிக்காக எழுதிய ஏடுதான், அந்தக் கசப்பு மாறாது. ஆனாலும் எல்லாம் ஒரே வரிசையில் இருந்ததால் நூறாண்டு கழித்து எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு கொள்ளுப்பேத்தி தன் ஊர்ப் பெயரைத் தொட்டுப் பார்த்தார்.

திறமூல மென்பொருள்களின் பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல், வேலை முடிந்து இரவில் உழைக்கிறவர்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இது பெரிய வேலை இல்லை. பதிப்பு எண்ணை நாலு இடத்தில் கையால் எழுதாமல் ஒரே இடத்தில் வைத்து மற்றவை அதைச் சுட்டட்டும். மூலநிரலை வைக்கும் கிட்ஹப் தளத்தில் கடைசி நிலையான வெளியீட்டுக்கே போகும் நிரந்தர இணைப்பு உண்டு. முன்வெளியீடு என்று குறித்தவற்றை அது தாண்டிவிடும். அந்தக் குறியைப் போட ஒரு பெட்டியைச் சொடுக்கினால் போதும்.

எங்கள் மென்பொருளுக்கு அந்த ஒரு பக்கத்தை நாங்களே எழுதிக் கொடுத்தோம். அந்தப் பெண்தான் அட்டவணையை வரைந்தாள், ஐந்து வரி. 'ஆதரவு எதுவரை' என்ற கட்டத்தில் போட எங்களுக்குத் தகவல் இல்லை. திட்டத்தாரிடம் கேட்டோம். மூன்று நாள் கழித்து வந்த பதில் என்னைத் திடுக்கிட வைத்தது: அதைப் பற்றி அவர்கள் இதுவரை பேசி முடிவெடுத்ததே இல்லையாம். அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான் தங்களுக்குள் பேசி, கடைசி இரண்டு பதிப்புகளுக்குத் திருத்தம் தருவோம் என்று முடிவு செய்தார்கள். பழகிய கண்ணுக்குப் படாத ஓட்டை, வந்து இரண்டு வாரமான பிள்ளைக்குப் பட்டது. அதனால்தான் சொல்கிறேன்: புதிய பங்களிப்பாளர் வந்தால் எழுத்துப்பிழை திருத்தக் கொடுக்காதீர்கள். நிறுவச் சொல்லுங்கள், எங்கெங்கே திகைத்தார் என்று எழுதச் சொல்லுங்கள். அந்த முதல் வாரத் திகைப்பு பிறகு யாருக்கும் திரும்பி வராது.

எங்கள் புல் ரிக்வெஸ்டை, அதாவது சேர்க்கக் கேட்டு அனுப்பிய மாற்றத்தை, 19-ஆம் நாள் ஏற்றுக்கொண்டார்கள். ஆர்சி என்றால் என்ன என்ற விளக்கத்தை அவள் தன் சொல்லிலேயே எழுதியிருந்தாள்; ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

இந்தச் சனிக்கிழமை அந்த 62 நூல்களை மறுபடியும் ஏற்றுகிறோம், 2.8-இல். தமிழ்த் தட்டச்சு தெரிந்தவர்கள் யாராவது சாட்ஸ்வர்த் பக்கம் இருந்தால் காலை ஒன்பது மணிக்கு வாருங்கள்.