ரிவால்வர் சுலபம்னு யார் சொன்னது?

"புதுசா கத்துக்கறவங்களுக்கு ரிவால்வர்தான் சரி, சுலபம்" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நானும் அதை நம்பித்தான் 5 தோட்டா பிடிக்கும் குட்டி ரிவால்வரில் தொடங்கினேன். முதல் நாள் 7 கஜ தூரத்தில் நின்று சுட்டதில் இலக்குத் தாளில் பட்டது இரண்டே இரண்டு.

சோதிக்கச் சுலபம், வாஸ்தவம்தான். தோட்டாக்கள் இருக்கும் உருளையை வெளியே தள்ளினால் தோட்டா இருக்கிறதா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். பிஸ்டலில் மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியை, உருவிவிட்டுக் காலி என்று நினைத்துக்கொள்வோம், குழலின் பின்முனையில் உள்ள சேம்பர் அறையில் ஒன்று கமுக்கமாக உட்கார்ந்திருக்கும். தவறி வெடித்த கதைகள் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன. ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும் ரிவால்வரில் மறுபடி ட்ரிகரை இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும்.

ஆனால் குறி வைத்துச் சுடுவது? டபுள் ஆக்‌ஷன் ட்ரிகரை (சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளுவதும் விடுவிப்பதும் ஒரே இழுப்பில்) இழுக்க ஒவ்வொரு முறையும் 5 கிலோவுக்கு மேல் இழுவை வேண்டும். துப்பாக்கியின் எடையோ அரைக் கிலோகூட இல்லை. பிறகு குழல் ஆடாமல் என்ன செய்யும்! கிளாக் மாதிரி பிஸ்டலில் சுமார் 2.5 கிலோ போதும். காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ரிவால்வரின் குழல் நுனியில் ஒரு நாணயத்தை வைத்து ட்ரிகரை இழுத்துப் பாருங்கள். நாணயம் தரையில் உருளும்.

"ஸ்லைடை இழுக்கக் கையில் வலு இல்லாதவருக்கு ரிவால்வர்" என்பார்கள். ஸ்லைடுக்கு, அதாவது தோட்டா ஏற்றப் பின்னுக்கு இழுக்கும் பிஸ்டலின் மேல்பகுதிக்கு, இரண்டு கையும் தோளும் சேர்ந்து உதவும். ட்ரிகருக்கு ஒற்றை விரல்தானே?

உடனே பிஸ்டல் ரசிகர்கள் 1986இல் மயாமியில் கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டையை இழுப்பார்கள். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் ஆட்கள் இருவர் இறந்தார்கள். கையில் அடிபட்ட ஒருவரால் ரிவால்வரில் மறுபடி தோட்டா போட முடியவில்லை. அதன் பிறகுதான் எஃப்.பி.ஐ. பிஸ்டலுக்கு நகர்ந்தது. ஆனால் அந்தச் சண்டையை முடித்த கடைசிக் குண்டுகள் ஒரு ரிவால்வரிலிருந்து வந்தவை என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

நான் இப்போது இடுப்பில் வைப்பது 10 தோட்டா பிடிக்கும், ஓர் அங்குலத் தடிமனுள்ள பிஸ்டல். கோட்டுப் பைக்கு மட்டும் ரிவால்வர்; துணியில் சிக்க அதில் ஸ்லைடு கிடையாது. குட்டியை விற்க மனசு வரவில்லை. டம்மி தோட்டா போட்டு இன்னும் அந்த நாணயத்தோடு மல்லுக்கட்டுகிறேன். நேற்று 11வது இழுப்பில் விழுந்தது.