கேபிஎஸ் அம்மாவை ஔவைப்பாட்டிக்குள்ளயே அடைச்சு வச்சது போதும்

போன வாரம் சொந்தத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன். சாப்பிட்டு பீடா போட்டுட்டு உக்காந்திருந்தோம், லைட் மியூசிக்ல ஒரு பொண்ணு மேடையேறி பழம் நீயப்பா பாடுச்சு. நல்ல குரல்தான், குறை சொல்லல, ஆனா சுருதியை நல்லா எறக்கி வச்சுக்கிட்டு மைக்கை உதட்டோட ஒட்டிக்கிட்டு எல்லா வரியையும் ஒரே மாதிரி கொஞ்சிட்டு எறங்கிருச்சு. பக்கத்துல எங்க அக்கா பையன், இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், "மாமா இது அந்த ஔவையார் பாட்டியோட பாட்டுதானே, அவங்க சாமி பாட்டு மட்டும்தான் பாடுவாங்களா?"ன்னு கேட்டான். சுருக்குன்னு இருந்துச்சு. அவன் தப்பு இல்ல. நாமளே அப்படித்தானே காட்டி வச்சிருக்கோம், வெள்ளைச் சேலை, நெத்தி நிறைய திருநீறு, கையில கோலு, ஒரு முருகன் பாட்டு, முடிஞ்சுது கே.பி. சுந்தராம்பாள்.

அன்னைக்கு மண்டபத்துல பாட்டுச் சத்தத்துக்கு நடுவுல அவன்கிட்ட சொல்ல முடியாததைத்தான் இங்க எழுதுறேன், நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நாங்க கரூர் பக்கம். கொடுமுடி எங்களுக்கு பக்கத்து ஊரு, மகுடேசுவரர் கோயிலுக்கு ஆடிப்பெருக்குன்னா குடும்பத்தோட கிளம்பிருவோம். எங்க அப்பிச்சிக்கு (அம்மாவோட அப்பா) கேபிஎஸ்னா "நம்மூரு புள்ள". 1908ல பொறந்தவங்களை இவரு என்னமோ கூடவே கோலி விளையாண்ட மாதிரி பேசுவாரு, சிரிப்பா வரும். ஆனா அவர் சொன்ன ஒண்ணு மறக்கவே இல்ல. "அந்தம்மா பாடுனா கடைசி வரிசையில துண்டை விரிச்சு படுத்திருக்கறவன் எந்திரிச்சு உக்காருவான்டா" அப்படிம்பாரு. ரொம்ப நாள் இதை குரல் சத்தத்தைப் பத்தின பேச்சுன்னுதான் நினைச்சேன். இல்ல, அது நாடக மேடையைப் பத்தின பேச்சு.

ஸ்பெஷல் நாடகம் எத்தனை பேரு பாத்திருக்கீங்கன்னு தெரியல. மதுரை, புதுக்கோட்டை பக்கம் கோயில் திருவிழாவுல இன்னைக்கும் வள்ளி திருமணம் போடுறாங்க. சில வருஷம் முன்னாடி மணப்பாறை தாண்டி ஒரு கிராமத்துல ராத்திரி பூரா உக்காந்து பாத்தேன். பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடியக்காலை வரைக்கும் போச்சு. அதுல ஆச்சரியம் என்னன்னா ரிகர்சலே கிடையாது. முருகன் ஒரு ஊர்லருந்து பஸ்ல வர்றாரு, வள்ளி இன்னொரு ஊர்லருந்து, நாரதர் வேற ஊரு, ஆர்மோனியக்காரர், பபூன், மிருதங்கம்னு ஆளாளுக்கு தனித்தனியா புக்கிங். சாயங்காலம் மேக்கப் போடுற எடத்துல "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா" அவ்வளவுதான். கதை எல்லாருக்கும் தெரியும், நாடகம் எழுதுன சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டு மனப்பாடம், மிச்சமெல்லாம் மேடையிலயே அங்கங்க உருவாகுறதுதான். தினைப்புனத்துல வள்ளி ஆலோலம் பாடி குருவி வெரட்டிட்டு இருக்கும்போது வேடன் வேஷத்துல முருகன் வந்து வம்பிழுப்பாரு பாருங்க, அந்த தர்க்கம் மணிக்கணக்குல போகும், அவரு ஒரு கேள்வி போட இந்தம்மா பாட்டுலயே திருப்பிப் போட, யாரு அசருறாங்கன்னு பாக்கத்தான் ஜனம் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். அசந்தா அம்போதான், அடுத்த வருஷம் அந்த ஊர்லருந்து கூப்பிட மாட்டாங்க.

இப்ப இதுலருந்து மைக்கை எடுத்துருங்க. நூறு வருஷம் முன்னாடி போங்க. அந்த மேடையில வளர்ந்த குரல்தான் கேபிஎஸ் குரல்.

அப்பா இல்லாத வீடு, அம்மா பாலாம்பாள், கூட ஒரு தம்பி ஒரு தங்கச்சி. சின்னப் புள்ளயா ரயில்ல பாடி காசு வாங்கிட்டு இருந்தப்ப ரயில்வே அதிகாரி நடேசய்யர் கண்ணுல பட்டு, அவர் நாடகப் பித்து பிடிச்ச மனுஷன், அப்படியே வேலு நாயர் கம்பெனிக்குப் போனாங்கன்னு சொல்வாங்க. முதல் வேஷமே நல்லதங்காள் நாடகத்துல ஆம்பளைப் பையன் வேஷம், பசிக்குதுன்னு அழுது பாடுற புள்ள. நெசத்துலயே பசின்னா என்னன்னு தெரிஞ்ச புள்ளைக்கு அந்த வேஷம். அப்பறம் கொஞ்சம் வளர்ந்ததும் ஸ்திரீபார்ட்ங்கிற கதாநாயகி வேஷம், கூடவே ஆம்பளை வேஷமும். பொம்பளை வேஷத்தையே ஆம்பளைங்க கட்டிட்டிருந்த காலம் அது, பையன்களையே வச்சு நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி காலம், அதுல ஒரு பொண்ணு வந்து ராஜபார்ட்டுக்கு (கதாநாயகன் வேஷக்காரருக்கு) சரிக்குச் சரியா மேடையில நின்னுச்சுன்னா எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும் யோசிச்சுப் பாருங்க.

இங்கதான் எல்லாரும் கிட்டப்பா கதைக்கு தாவிருவாங்க. செங்கோட்டை கிட்டப்பா, பாடி நடிக்கிறதுல அந்தக் கால நாடக மேடையோட பெரிய ஆளு, நானும் அவருக்கு ரசிகன்தான், மறுப்பே இல்ல. 1926ல கொழும்புல ரெண்டு பேரும் ஜோடி சேர்ந்து வள்ளி திருமணம் போட்டாங்க, அடுத்த வருஷம் மாயவரம் கோயில்ல கல்யாணம், அவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி, அப்பறம் மனஸ்தாபம், பிரிவு, கடிதப் போக்குவரத்து, 1933 டிசம்பர்ல அவர் போயிட்டாரு. அவருக்கு 27 வயசு. இந்தம்மாவுக்கு 25. அன்னைலருந்து வெள்ளைக் கதர், இனிமே எந்த ஆம்பளைக்கும் ஜோடியா நடிக்கிறதில்லன்னு முடிவு. சோகமான கதைதான். ஆனா எந்தப் பத்திரிகையில கேபிஎஸ் பத்தி எழுதினாலும் எட்டு பக்கத்துல ஏழு பக்கம் இதுவே இருக்கும், "அமர காதல்"னு ஒரு தலைப்பு வேற. மிச்சம் ஒரு பக்கத்துல 47 வருஷ உழைப்பை மடக்கி வச்சிருவாங்க. இது எனக்கு ஒப்பல. 25 வயசுல எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு இருந்தவங்க இல்ல அவங்க, எல்லாரும் கொண்டாடுற கேபிஎஸ் வந்ததே அதுக்கப்பறம்தான்.

நந்தனார் படத்தை எடுத்துக்கங்க, 1935. தயாரிப்பாளர் அசன்தாஸ் வந்து நடிக்கக் கேட்டப்ப இவங்களுக்கு இஷ்டமே இல்ல, ஆளை தட்டிக் கழிக்கணும்னு ஒரு லட்ச ரூபா கேட்டாங்களாம். அவர் சரின்னுட்டாரு! பவுன் முப்பது ரூபாய்க்குள்ள வித்த காலம்ங்க, மூவாயிரம் பவுனுக்கு மேல வருது கணக்கு. அதை அக்கா பையன்கிட்ட சொன்னப்ப போன்ல இன்னைக்கு பவுன் விலை பாத்து பெருக்கிட்டு வாயடைச்சுப் போயிட்டான். ஆனா எனக்கு காசு பெருசா படல, வேஷம்தான் பெருசு. ஒரு பொண்ணு, அதுவும் புருஷன் செத்து ரெண்டு வருஷம்கூட ஆகாத பொண்ணு, நந்தனாரா, ஒரு பண்ணையாளா, ஆம்பளையா நடிக்கிறாங்க, எதிர்ல வேதியரா நடிச்சது மகாராஜபுரம் விஸ்வநாதய்யர், சங்கீத உலகத்துல எப்பேர்ப்பட்ட ஆளு. ஜோடி இல்லாம நடிக்கணும்ங்கிற வைராக்கியத்துக்கும் இது தோதாப் போச்சு. (எம்.எஸ். சுப்புலட்சுமியும் 1941ல சாவித்திரி படத்துல நாரதரா வந்தாங்க, அதையும் சேத்து ஞாபகம் வச்சுக்கங்க.) படம் பேர் வாங்கலன்னுதான் சொல்றாங்க, எழுத்தாளர் கல்கி விமர்சனத்துல நல்லா வாரி விட்டாரு. இருக்கலாம். மேடையில கடைசி வரிசைக்குப் பாடி நடிச்சவங்களை கேமரா முன்னாடி நிறுத்துனா அப்படித்தான் ஆகும்.

ஔவையார் 1953. ஜெமினி வாசன் எடுத்தது, கொத்தமங்கலம் சுப்பு டைரக்ஷன். உண்மையைச் சொல்லிடுறேன், படம் எனக்கு நடுவுல இழுவையாத்தான் இருக்கு, யானைக் கூட்டம் கோட்டையை உடைக்கிற சீன் வந்ததும்தான் நிமிர்ந்து உக்காருவேன். ஆனா கேபிஎஸ் வர்ற எடத்துல கண்ணை எடுக்க முடியாது. அப்ப அவங்களுக்கு 45 வயசுதான் இருக்கும்ங்க! கிழவி ஆகுறதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் கிடக்கு. அந்த நடை, அந்த முதுகு, ராஜா முன்னாடியும் எடுபிடி முன்னாடியும் ஒரே மாதிரி பேசுற அந்த அலட்சியம் எல்லாமே நடிப்பு. அவங்க இயல்புலயே அப்படித்தான்னு நாமளா நினைச்சுக்கிட்டோம். இதை நல்ல நடிகருக்கு கிடைக்கிற சாபம்னுதான் சொல்லணும்.

சரி, பழம் நீயப்பாவுக்கு வர்றேன். திருவிளையாடல், 1965, கே.வி. மகாதேவன் இசை. இன்னைக்கு ராத்திரி ஹெட்போன் போட்டு ஒரு தடவை கேளுங்க, படம் பாக்க வேண்டாம், கண்ணை மூடிக்கங்க. மொதல்ல தாளம் இல்லாம விருத்தம் மாதிரி எடுப்பாங்க. அதுல ஒவ்வொரு சொல்லையும் எங்க நிறுத்துறாங்கன்னு கவனிங்க, சங்கீதத்துக்காக சொல்லை உடைக்கவே மாட்டாங்க, சொல்லு முழுசா வந்து விழுந்த அப்பறம்தான் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைச்சுப் பாடுறது. அந்த ழகரம்! "பழம்"ங்கிற ஒரு சொல்லு எத்தனை தடவை வருது, ஒரு தடவை கெஞ்சல், ஒரு தடவை செல்லம், ஒரு தடவை லேசா கண்டிப்பு, கோவிச்சுக்கிட்டு மலையேறுன பேரப்புள்ளைய பாட்டி எறக்கிக் கொண்டாற மாதிரி. கல்யாண மண்டபத்துல அந்தப் பொண்ணு விட்டது இதைத்தான். ஸ்வரம் எல்லாம் சரியாதான் இருந்துச்சு, ஆனா எதிர்ல ஒரு முருகன் நின்னுட்டு இருக்கான்ங்கிற நினைப்பே இல்ல. கேபிஎஸ்க்கு எப்பவுமே எதிர்ல ஒரு ஆள் இருப்பாரு, ஏன்னா அவங்க பாட்டு கத்துக்கிட்டது தர்க்கத்துல. பதில் வரப்போவுதுங்கிற எதிர்பார்ப்போடயே ஒவ்வொரு வரியும் முடியும்.

அடுத்து அதே ஆளை பூம்புகார்ல கேளுங்க, 1964. சிலப்பதிகாரக் கதை, அதுல வர்ற கவுந்தியடிகள், சமணத் துறவி. முருகன் இல்ல, திருநீறு இல்ல, கெஞ்சல் இல்ல. அந்த வாழ்க்கை எனும் ஓடம் பாட்டுல குரல் ஒரு நிதானத்துல போகும், வெயில்ல நடந்து களைச்ச ஆளு பேசுற மாதிரி. அந்தப் படத்துல வேற ஒரு பாட்டைப் பத்தி இன்னொரு கதையும் சொல்லுவாங்க, கருணாநிதி திரைக்கதை, தெய்வம் எங்க போச்சுன்னு கேக்குற மாதிரி ஒரு வரி வந்திருக்கு, அம்மா அதை பாடவே மாட்டேன்னு நின்னுட்டாங்களாம், கடைசியில வரியை மாத்துனாங்களாம். நாத்திகர் எழுத்துல பழுத்த ஆத்திகர் நடிச்சு ரெண்டு பேரும் அவங்கவங்க கொள்கையை விடாம வேலையை முடிச்சிருக்காங்க. இன்னைக்கு இருந்தா ரெண்டு தரப்பு ஆளுங்களும் ஹேஷ்டேக் போட்டு ஒரு வாரம் அடிச்சுக்கிட்டிருப்போம்.

அரசியல்னதும் ஞாபகம் வருது, சுதந்திரப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி காங்கிரஸ் கூட்டத்துக்கெல்லாம் இவங்களை கூட்டிட்டுப் போவாரு, தலைவர் பேசுறதுக்கு முன்னாடி கூட்டம் சேக்குறதே இவங்க பாட்டுதான். காந்தியைப் பத்தி இவங்க பாடுன ரெக்கார்டெல்லாம் அப்பிச்சி வீட்ல இருந்துச்சு. காங்கிரஸ் ஆட்சியில சட்ட மேலவை உறுப்பினராவும் இருந்திருக்காங்க. சினிமாக்காரங்க அரசியலுக்கு வர்றதைப் பத்தி பேசுறவங்க எம்ஜிஆர்லருந்துதான் கணக்கை ஆரம்பிக்கிறாங்க. கொடுமுடிக்காரங்களுக்கு இதுல ஒரு வருத்தம் உண்டு.

அப்பறம் துணைவன். 1969ல வந்த படம், அதுக்கு தேசிய விருது, சிறந்த பின்னணிப் பாடகி. அந்த விருது பொம்பளைப் பாடகிகளுக்கு குடுக்க ஆரம்பிச்சதே அதுக்கு முந்தின வருஷம்தான், மொதல்ல சுசீலாம்மா, ரெண்டாவது இவங்க. கேபிஎஸ்க்கு அப்ப 61 வயசு. சுசீலா, ஜானகி, ஈஸ்வரின்னு எல்லாரும் உச்சத்துல இருந்த நேரத்துல, மைக்கே இல்லாத காலத்துல பாட வந்த ஒரு அம்மா வந்து வாங்கிட்டுப் போறாங்க. அடுத்த வருஷம் பத்மஸ்ரீ. 1973 வரைக்கும் படத்துல வந்துட்டே இருந்தாங்க, காரைக்கால் அம்மையார், திருமலை தெய்வம்னு. 1980ல காலமானாங்க.

குறையே இல்லையான்னு கேட்டா இருக்கு. கடைசி காலப் படங்கள்ல டைரக்டர்களுக்கு இவங்களை வச்சு வேற என்ன பண்றதுன்னே தெரியல, கதை நின்னு போற எடத்துல ஒரு பாட்டு, ஒரு ஆசீர்வாதம், அனுப்பி வச்சிருவாங்க. ஒரு கோவக்கார மாமியாரா, வட்டிக்கு விடுற கிழவியா, குசும்பு பிடிச்ச அத்தையா எவனாவது ஒருத்தன் நடிக்க வச்சிருக்கக் கூடாதா? வள்ளியா நின்னு விடிய விடிய வம்பு பேசி ஆளை மடக்குனவங்கய்யா அவங்க! அந்தக் குறும்பு சினிமாவுல பத்துல ஒரு பங்குகூட பதிவாகல, கொழும்புலயும் மதுரையிலயும் பாத்தவங்களோட போயிருச்சு. எனக்கு ஆத்தவே முடியாத ஆத்தாமை இதுதான்.

அக்கா பையன் நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ் பண்ணிருந்தான், "மாமா பூம்புகார் பாட்டு கேட்டேன், வேற குரல் மாதிரி இருக்கு, அவங்களேதானா?" அப்படின்னு. அவங்களேதான்டா. அடுத்து கிட்டப்பா ரெக்கார்டு அனுப்புறேன்னு சொல்லியிருக்கேன், யூடியூப்ல கரகரன்னு கிடக்கறதை வச்சு ஒப்பேத்தணும். அப்பிச்சி வச்சிருந்த இசைத்தட்டு ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்துச்சு, அவர் போனதுக்கப்பறம் வீடு வெள்ளையடிக்கும்போது எங்க வீட்டு ஆளு ஒருத்தரு (பேர் சொல்லல, இந்தப் பதிவை படிப்பாரு) பழைய இரும்பு பிளாஸ்டிக் வாங்குறவர்கிட்ட எடைக்குப் போட்டுட்டாரு. பெட்டிக்கு மட்டும்தான் காசு குடுத்தாராம், தட்டு எடையில சேத்தி இல்லன்னுட்டாராம்.