ஜீவனாம்சத்தைத் துரத்திப் பிடிப்பது யார் வேலை?

என் அக்காவுக்கு ஜீவனாம்ச உத்தரவு கிடைத்த அன்று, எல்லாம் முடிந்தது என்றுதான் வீட்டில் நினைத்தோம். வக்கீல் மட்டும் சொன்னார்: "உத்தரவு வாங்குறது பாதிதாம்மா. பணத்தை வாங்குறதுதான் மீதி." அந்த மீதி நான்கு வருடம் இழுத்தது. அந்த நான்கு வருடமும் அவளோடு கோர்ட்டுக்குப் போய் வந்தவள் நான். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதம் பணம் ஒழுங்காக வந்தது. நான்காவது மாதம் பாதி. ஐந்தாவது மாதம் ஒன்றுமில்லை. போன் செய்தால் அக்காவின் கணவர் எடுக்க மாட்டார். எடுத்தால், "கைல வந்ததும் போடுறேன், சும்மா சும்மா கூப்பிடாத." கோர்ட் போட்ட உத்தரவை அவரிடம் கடன் கேட்பது போலக் கேட்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் முழுக்க அக்கா போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. உத்தரவு போட்ட நீதிமன்றத்துக்கு, பணம் வந்ததா இல்லையா என்றே தெரியாது. வரவில்லை என்று தெரியப்படுத்த வேண்டியது, வாங்க வேண்டியவர். மனு போட வேண்டியது அவர். எதிராளி எங்கே வேலை பார்க்கிறார், எந்த வங்கியில் கணக்கு, யார் பெயரில் நிலம் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதும் அவரே. கையில் காசில்லை என்றுதானே அவருக்கு ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்னார்கள்? அதை வசூலிக்கவும் அவரே செலவு செய்ய வேண்டும் என்றால் எப்படி?

சட்டம் பலமில்லாதது என்று சொல்ல மாட்டேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கான 125-ஆவது பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவாக இருக்கிறது. தகுந்த காரணமில்லாமல் கட்டத் தவறினால், அபராதத்தை வசூலிப்பது போல வசூலிக்க மாஜிஸ்திரேட் வாரண்ட் போடலாம். அதற்குப் பிறகும் பாக்கி நின்றால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறைக்குப் போய் வந்தால் கணக்குத் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. சிறை என்பது பணத்தைக் கட்ட வைப்பதற்கான வழிதான், பணத்துக்கு ஈடு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே குல்தீப் கவுர் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஏட்டில் இவ்வளவும் இருக்கிறது. நடந்தது வேறு. வாரண்ட் போகும், ஆள் அந்த முகவரியில் இல்லை என்று திரும்பி வரும். மறுபடி வாய்தா, மறுபடி வாரண்ட். பிடித்துவிடுவார்கள் என்ற நிலை வந்ததும் அவரே வக்கீலோடு வந்து, பாக்கியில் கொஞ்சத்தைக் கட்டி, மீதிக்கு அவகாசம் கேட்டு, வாரண்ட்டை ரத்து செய்துகொண்டு போவார். அடுத்த மாதமே பழையபடி நின்றுவிடும். அந்தக் கொஞ்சப் பணத்தைக் கோர்ட் வாசலில் எண்ணி வாங்கும்போது அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியாது. அவளுக்கு உரிய பணம், அதை யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பது போல வாங்க வைத்தார்கள்.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. இந்தப் பிரிவின் கீழ் வாரண்ட் வேண்டுமென்றால், தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். "கொஞ்சம் பொறு, கொடுத்துடுவாரு" என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொல்லச் சொல்ல, அந்த ஓராண்டு ஓடிவிடும். அக்காவும் அப்படி ஏழு மாதத்தைக் கோட்டை விட்டிருப்பாள். வக்கீல்தான் சத்தம் போட்டு மனு போட வைத்தார். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலைமை என்றால் தயவுசெய்து காத்திருக்கச் சொல்லாதீர்கள். இரண்டு மாதம் நின்றாலே மனு போடுங்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். எந்த மாதம் எவ்வளவு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அக்காவின் நோட்டுதான் "நான் எல்லாம் கையில கொடுத்துட்டேன்" என்ற பொய்யை உடைத்தது.

நான்காவது வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காக வேண்டும். உத்தரவை சிவில் கோர்ட்டின் பணத் தீர்ப்பு போலவே நிறைவேற்றலாம், சொத்து ஜப்தி உட்பட. இதைப் பிடித்துக்கொண்டு எங்கள் வக்கீல் அவருடைய சம்பளத்தை அட்டாச் செய்ய, அதாவது அலுவலகத்திலேயே பிடித்துக் கொடுக்க, உத்தரவு கேட்டார். சாதாரணக் கடனென்றால் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தொட முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மட்டும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு வேறு கணக்கு வைத்திருக்கிறது: மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு, மீதியைப் பிடிக்கலாம். உத்தரவு அவருடைய அலுவலகத்துக்குப் போனது. அடுத்த மாதத்திலிருந்து பணம் வருகிறது. வாரண்ட் இல்லை, போன் இல்லை, கெஞ்சல் இல்லை.

இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்பதுதான் என் ஆத்திரம். வருமான வரியை நம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள். வருங்கால வைப்பு நிதியையும் அப்படியே. மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு எதிராக ஜீவனாம்ச உத்தரவு போடும்போதே, அதன் நகல் அவருடைய சம்பளப் பிரிவுக்கும் போக வேண்டும். வராது போன பிறகு வாங்க வேண்டியவர் மனு போட்டு, நிரூபித்து, காத்திருந்து பெறுகிற சலுகையாக அது இருக்கவே கூடாது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவிலும், கட்டத் தவறினால் முதலாளியே நேராகப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று இருக்கிறது. அங்கேயும் "தவறினால்" தான். தவறும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

நான் கேட்பது உலகத்தில் இல்லாத அதிசயமில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கென்றே ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது. கோர்ட் உத்தரவு தானாக அங்கே பதிவாகும், பணம் அதன் வழியாகப் போகும், கட்டாதவரின் ஓட்டுநர் உரிமத்தைக்கூட நிறுத்திவைப்பார்கள். பிரான்ஸில் முதலாளியிடமிருந்து நேராக வாங்கும் வழி 1973-லேயே வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் முழுசாகக் கட்டாமல் இருப்பது அங்கே குற்றம். சிங்கப்பூரில் 2025 ஜனவரியிலிருந்து இதற்குத் தனி அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். வருமான, சொத்து விவரங்களை வங்கிகளிடமும் அரசுத் துறைகளிடமும் அவர்களே கேட்டு வாங்கலாம். அந்தச் செய்தியைப் படித்தபோது, ஒரு சம்பளச் சீட்டு நகலுக்காக அக்கா அலைந்த அலைச்சல் ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.

"அவருக்கே வேலை போயிருந்தால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நிலைமை மாறினால் தொகையைக் குறைக்கச் சொல்லி மனு போட, 144-ஆவது பிரிவு உள்ள அதே சட்டத்தில் வழி இருக்கிறது, இப்போது 146-ஆவது பிரிவு. உண்மையிலேயே முடியாதவர் அங்கே போகட்டும், கோர்ட் கேட்கும். தானாக நிறுத்திக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. "பிள்ளையைப் பார்க்க விடலை, அதான் கொடுக்கலை" என்பதும் அப்படித்தான். பிள்ளையைப் பார்ப்பதற்கு வேறு மனு, வேறு உத்தரவு. சாப்பாட்டுப் பணத்தை அதற்குப் பணயம் வைக்கக் கூடாது.

சொந்தத் தொழில் செய்பவர்களிடம் சம்பளப் பிடித்தம் செல்லாது என்பது எனக்குத் தெரியும். அங்கே சொத்து விவரத்தை உருவி எடுக்க அதிகாரம் உள்ள ஒரு ஆள் வேண்டும். அது வாங்க வேண்டியவராக இருக்கக் கூடாது. இந்து திருமணச் சட்டப்படி கணவரும் ஜீவனாம்சம் கேட்கலாம். மனைவி கட்டாமல் விட்டாலும் நான் இதையேதான் சொல்வேன்.

அக்காவுக்கு மாதப் பணம் வருகிறது. பழைய பாக்கிக்கான மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அடுத்த மாதம் வாய்தா. நானும் லீவு போட்டுவிட்டேன்.